அன்றைக்கு வேறென்ன நடந்தது

பிரசவ அறையின் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் சிஸ்டர். அதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தகப்பன் நிம்மதியாக டீக்கடைக்குப் போயிருப்பான். அவரால் நிறுத்த முடியாது. "இன்னிக்கி இன்னா நாள் தெரியுமா? பெரிய சுவரு ஒண்ணு இடிஞ்ச நாளு" என்றார்.

நவம்பர் மாதம். மலையில் சில நாட்களாகவே விடாத மழை. அவன் முகம் வெளிறிவிட்டது.

"யார் வூட்டுச் சுவரு சிஸ்டர்?"

"நம்மூர்ல இல்லப்பா. ஜெர்மனியில பெர்லின்னு ஒரு ஊரு. ஊருக்கு நடுவுல சுவரு எழுப்பி, அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. ஜனங்களே மேல ஏறி நின்னு இடிச்சாங்க. இதே நாள்லதான்."

"ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அன்று முழுவதும் சிஸ்டரைப் படுத்தியது. ஊசி போடும் அறைக்கும் என் மருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். "இடிக்கறப்ப யாருக்காவது அடி கிடி பட்டிருக்குமா சார்? கல்லு விழுந்திருக்கும் இல்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும். காய்ச்சல் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த நான், தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து அதையே கேட்டார்.

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தபோது அவர் அங்கே செவிலியர். எனக்கு மணலூர்பேட்டை. அவருக்குக் களமருதூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டு, கரும்பு வெட்டி அவரைப் படிக்கவைத்திருந்தார்கள். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். நான் அவரைவிட வயதில் பெரியவன் என்பதால் என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்.

உலகத்தில் எங்கேயோ, என்றைக்கோ இதே தேதியில் நடந்த ஏதாவது ஒன்று அவருக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும். காலையில் ரேடியோவில் சொல்வதைக் கேட்பார். செய்தித்தாளின் மூலையில் கட்டம் கட்டிப் போட்டிருப்பதைப் படிப்பார். கள்ளக்குறிச்சிக்குப் போனால் பேருந்து நிலையத்துக் கடையில் பரீட்சைக்குப் படிப்பவர்கள் வாங்கும் பொது அறிவுப் புத்தகத்தை நின்றபடியே புரட்டிவிட்டு வருவார். எதையும் எழுதிவைக்கமாட்டார். எல்லாம் தலையில்தான். ஒன்றுமே கிடைக்காத நாளில் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். உட்காரமாட்டார். டீயை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அது ஏடு படிந்து ஆறிக் கிடக்கும்.

"ஒண்ணுமே நடக்காம ஒரு நாள் இருக்குமா சார்? எங்கயோ ஏதோ நடந்திருக்கும். நமக்குத்தான் தெரியல" என்பார்.

மலைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. வரிசையில் நிற்பவர்களே, "இன்னிக்கி இன்னா நாளு சிஸ்டர்?" என்று கேட்பார்கள். கப்பல் மூழ்கிய நாள், ரயில் ஓட ஆரம்பித்த நாள் என்று அவர் சொல்லச் சொல்ல, கையில் சீட்டோடு கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர் பார்க்கும் பிரசவம் ஒவ்வொன்றுக்கும் உலகத்திலிருந்து ஒரு சீர்வரிசை வந்துவிடும். நிலவில் மனுஷன் கால் வைத்த நாளில் பிறந்த ஒரு பையனை, அந்த ஊரில் நிலாக்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த நிலாக்காரன் விஷயத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜூலை இருபதாம் தேதி பிறந்தான். சில வாரம் கழித்து சிஸ்டர் எங்கேயோ படித்துவிட்டார். அமெரிக்காவில் இருபதாம் தேதியாக இருந்தபோது நம் ஊரில் இருபத்தொன்றாம் தேதி விடிந்துவிட்டிருந்தது. நம் கடிகாரப்படி நிலவில் கால் வைத்தது மறுநாள் காலை. படித்த நேரத்திலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட தப்பா சொல்லிட்டேன் சார்."

"விடுங்க சிஸ்டர். அவங்க இன்னா, அமெரிக்காவுக்கு போன் போட்டு விசாரிக்கவா போறாங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த விடுமுறையில் ஜீப் பிடித்து, அது போகாத தூரம் நடந்து, அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலாச்சுளை கொடுத்து அனுப்பினார்கள். பையன் இன்றும் நிலாக்காரன்தான்.

கெட்ட தேதிகள் வந்தால் அவர் பாடு இன்னும் மோசம். ஆகஸ்ட் ஆறு ஹிரோஷிமாவில் குண்டு போட்ட நாள். அன்று விடிந்ததும் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. குழந்தை பிறந்து, தாய்க்கு எல்லாம் முடித்துவிட்டு, நேராக என் ஜன்னலுக்கு வந்தார். "இதே நாள்ல நல்லதா எதுவும் நடக்கலயா சார்?" என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். பத்து மணி வாக்கில் எங்கள் டாக்டர் தற்செயலாக வழிகாட்டினார். பென்சிலினைக் கண்டுபிடித்த விஞ்ஞானி பிறந்தது அதே தேதி என்று அவருக்குக் கல்லூரியிலிருந்தே ஞாபகம் இருந்தது. சிஸ்டர் வார்டுக்கு ஓடினார். "உன் புள்ள பொறந்த நாள்ல யாரு பொறந்தாங்க தெரியுமா? சீழ் புடிச்சு சாவ இருந்தவங்கள எல்லாம் பொழைக்கவச்ச மருந்து இருக்கே…" என்று அவர் சொல்வது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. குண்டு போட்டதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் நல்லது, அதற்குப் பிறகு அது. மறைத்தால் பொய் சொன்னதுபோல ஆகிவிடும் என்பார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

பிறகு மாற்றலாகிக் கீழே திருக்கோவிலூர் பக்கம் போய்விட்டார். நானும் மலையை விட்டு இறங்கிவிட்டேன். ஒரே ஒருமுறை பேருந்தில் போகும்போது அவரைச் சாலையோரத்தில் பார்த்தேன். கையில் பையோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகக் கையசைத்ததைப் பார்க்கவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது நிலவோ பெர்லின் சுவரோ அல்ல. ஒரு டிசம்பர் இருபத்தாறு.

அந்தத் தேதியில் அவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். கிறிஸ்துமஸை ஒட்டி எல்லோரும் லீவு கேட்கிற நேரம் என்பதால் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வருடம் இன்னொரு செவிலியருக்கு உடம்பு சரியில்லாமல் போய், இவருக்கு லீவு கிடைக்கவில்லை.

காலையிலிருந்தே சிஸ்டர் சரியாக இல்லை. வரிசையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அன்றைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் மேசையிலேயே கிடந்தது. ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, யாருக்கு என்று மறந்து நின்றார்.

டாக்டர் கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார். ஆம்புலன்ஸும் வேறொரு நோயாளியோடு கீழே போயிருந்தது. அப்போதுதான் செல்வி என்ற பெண்ணை அவள் மாமியார் சரக்கு ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலையில் இருந்தான். அவளுக்கு ரத்தம் கம்மி. மாதாமாதம் வரச்சொல்லி சிஸ்டர் சண்டை போட்டு வரவழைத்த பெண்களில் அவளும் ஒருத்தி. லேசாக வலி ஆரம்பித்திருந்தது. படுக்கவைத்து, பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு. நடந்துக்கினு இரு" என்றார் சிஸ்டர்.

மாமியார் ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த, கறுத்த, அதிகம் பேசாத அம்மா. பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எல்லாருக்கும் சொல்லுவீங்களாமே. என் பேரப்புள்ளைக்கி இன்னா நாளுங்க சிஸ்டர்?"

சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே இருந்தார். கேள்வி இரண்டாவது தடவை வந்தபோது, "சுனாமி வந்த நாளும்மா" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அந்த அம்மா அப்படியே நின்றார். "அது மார்கழி பௌர்ணமி இல்ல?" என்றார்.

"அந்த வருஷம் பௌர்ணமி இந்தத் தேதியில வந்துச்சும்மா."

இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை. சிஸ்டர் கருவிகளைக் கொதிக்கவைக்கப் போனார். நான் ஜன்னலில் ஒரு கிழவருக்குச் சொட்டு மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது படுக்கை காலி. அதே சரக்கு ஆட்டோவில் மருமகளை ஏற்றிக்கொண்டு அந்த அம்மா போய்விட்டார். வாசலில் இருந்த பெண்கள் சொன்னார்கள்: "அவங்க பெரிய பையன் கடலூருக்கு மீன் பொட்டி தூக்கற வேலைக்கிப் போயிருந்தான் சார். அந்தத் தண்ணியிலதான் போயிட்டான். ஒடம்பு கூட கெடைக்கல. நாளக்கி வெடியட்டும், இன்னிக்கி இந்தப் புள்ள வேணாம்னு இட்டுக்கினு போயிட்டாங்க."

சிஸ்டர் பிரசவப் பெட்டியை எடுத்தார். ரத்தப்போக்குக்குப் போடும் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தரச்சொல்லி என்னிடம் கை நீட்டினார். "நானும் வரேன்" என்று சொல்லி, நிலையத்தைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்தேன்.

தார்ச் சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். மரவள்ளிக் காடு. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நடந்தோம் என்று சொல்வது தப்பு. அவர் ஓடினார், நான் பின்னால் இழுபட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் "ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வீட்டு வாசலில் அந்த அம்மா குறுக்கே உட்கார்ந்திருந்தார். உள்ளே செல்வி வலியில் முனகுவது கேட்டது.

"உள்ள வராதீங்க சிஸ்டர். பொழுது வெடியட்டும். வெடிஞ்சா வேற நாளு."

"வலி வந்தாச்சும்மா. அது வெடியற வரைக்கும் நிக்காது."

"எம்புள்ளய முழுங்கின நாளு இது. இதுலயா இந்த வூட்டுக்கு இன்னொரு உசுரு வரணும்? பௌர்ணமி பௌர்ணமின்னு வெளக்கு ஏத்திக்கினு இருந்தேன். இன்னிக்கின்னு நீதான சொன்ன?"

சிஸ்டர் அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நான் அன்னிக்கி கடலூர்லதாம்மா இருந்தேன். நர்ஸ் படிச்சிக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழம. எங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கி வரச்சொன்னாங்க. வராண்டா பூரா படுக்கவச்சிருந்தாங்க. மூஞ்செல்லாம் மண்ணு. அடையாளம் தெரியணும்னு ஒவ்வொரு மூஞ்சா தொடைக்கச் சொன்னாங்க. நான்தான் தொடச்சேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புள்ளயப் பாத்தியா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

"தெரியலம்மா" என்றார் சிஸ்டர். "நெறைய பேரு. எனக்கு மூஞ்சிங்க ஞாபகம் இல்ல. கையிலதான் இருக்கு."

"அவனுக்கு இங்க ஒரு தழும்பு இருக்கும்." அந்த அம்மா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "சின்னதுல பாறையில வுழுந்தது."

"ஞாபகம் இல்லம்மா."

"ஆனா தொடச்சிருப்ப?"

"தொடச்சிருக்கலாம்."

அந்த அம்மா சிஸ்டரின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே செல்வி "அத்தே" என்று அலறினாள். சிஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவாகவே விட்டார். விட்டுவிட்டு, வாசலிலிருந்து நகர்ந்து வழிவிட்டார்.

நான் வெளியே நின்றேன். அந்தி சாயும் நேரத்தில் குழந்தை அழுதது. அதற்குப் பிறகும் சிஸ்டர் வெளியே வரவில்லை. ஊசியைக் கேட்டு வாங்கினார். கொஞ்சம் கழித்து இன்னொன்று கேட்டார். "அமுக்கிப் புடிங்கம்மா, விடாதீங்க" என்று மாமியாரிடம் சொல்வது கேட்டது. அந்தப் பொழுதை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில், "ரத்தம் நின்னுடுச்சு" என்ற குரல் வந்தது. ஆண் குழந்தை.

செல்வியைக் கீழே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் சிஸ்டர். அந்த வீட்டுக்கு மேலே இருந்த பாறையில்தான் போனுக்கு டவர் எடுக்கும். நான் ஏறி ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். சாலை முடிகிற இடத்துக்கு வருவதாகவும், கட்டிலோடு தூக்கிவர ஆள் ஏற்பாடு செய்யும்படியும் சொன்னார்கள். பேசி முடித்துத் திரும்பினால் சிஸ்டர் பின்னால் நிற்கிறார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சலைன் பாட்டில் ஓடிக்கினு இருக்கு. செல்வியோட சின்னம்மா வந்து பக்கத்துல இருக்காங்க. உங்க போன்ல நெட்டு வருதா சார்?"

"லேசா வருது. எதுக்கு?"

"இன்னிக்கித் தேதிய போட்டுப் பாருங்க. இந்தத் தேதிய நான் பாத்ததே இல்ல. ஒரு வருஷம் கூட."

சுற்றிச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றி ஒரு பக்கம் திறந்தது. முதல் வரியிலேயே அந்த அலை. கீழே தள்ளச் சொன்னார். நான் தள்ளினேன். பாரிஸில் ஒரு பெண்ணும் அவர் கணவரும் ரேடியம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததாக உலகத்துக்குச் சொன்ன நாளும் இதுதான் என்று இருந்தது.

"ரேடியமா? புத்துநோய்க்கி வைத்தியம் பாத்தாங்களே, அதா?"

"அதேதான்."

அவர் உடனே கீழே இறங்க ஆரம்பித்துவிட்டார்.

"காலையில பொறுமையா சொல்லுங்க சிஸ்டர். அந்தம்மா இப்பதான் சாஞ்சாங்க."

"காலையில வேற நாள் ஆயிடும் சார்" என்றபடியே போனார்.

கட்டில் தூக்க நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குத் திரும்பியபோது அந்த அம்மா சுவரில் சாய்ந்து, குழந்தையை மடியில் வைத்திருந்தார். சிஸ்டர் ரேடியத்தைப் பற்றிச் சொல்லி முடித்திருக்க வேண்டும். அதில் அந்த அம்மாவுக்கு ஒன்றும் சுவாரசியம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எம்பெரியவன் பொறந்த நாளு ஒண்ணு இருக்கும் இல்ல, சிஸ்டர்?" என்றார். "எங்க ஆளுங்க யாரு தேதி பாத்தாங்க. ஐப்பசி. நல்ல மழ. அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"தேதி தெரியாம எப்படிம்மா சொல்றது?"

"அதான் தெரியலயே."

ஆட்கள் கட்டிலைத் தூக்கக் குனிந்தார்கள். செல்வி கண்ணைத் திறந்து மாமியாரைத் தேடினாள். சிஸ்டர் ஒரு கையால் மருந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த அம்மாவை எழுப்பிவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் மரவள்ளிக் காட்டு வழியில் இறங்கினோம். கட்டிலோடு ஒட்டியபடி சிஸ்டர் வேகமாக நடந்துகொண்டே, பின்னால் குழந்தையோடு வந்த அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஐப்பசின்னு சொன்னீங்களே, சாமை அறுத்தாச்சா, இல்ல அப்பவும் கொல்லையிலதான் நின்னுச்சா? யோசிச்சு சொல்லுங்க."

"அறுத்தாச்சு" என்றார் அந்த அம்மா. கொஞ்ச தூரம் நடந்ததும், "இரு, இரு. இல்ல. அறுக்கல" என்றார். "அவன வயித்துல வச்சிக்கினு கதிர் பாக்கப் போனேன். அங்கதான் எனக்கு வலி கண்டுச்சு."